நேற்றுதானா, நேற்று மட்டுமா?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி என்று வையுங்கள். ஷிப்பிங் பிரிவில் இருக்கும் இளைஞர் ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் தட்டுகிறார்: "வி ஹேவ் சென்ட் த சாம்பிள்ஸ் எஸ்டர்டே ஒன்லி." அவர் மனசுக்குள் ஓடியது இதுதான்: "சாம்பிள் நேத்துதாங்க அனுப்பினோம், அதுக்குள்ள எப்படி வந்து சேரும், கொஞ்சம் பொறுங்க." மறுமுனையில் படிப்பவருக்குத் தோன்றுவது வேறு. நேற்று மட்டும் அனுப்பினார்களாம். அப்படியானால் முந்தாநாள்? இன்றைக்கு? மீதி சாம்பிள் எங்கே?

ஒரு பதில் மின்னஞ்சல், அதற்கு ஒரு விளக்கம், அந்த விளக்கத்திலும் இன்னொரு 'ஒன்லி'. இது ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கட்டிய காட்சி. ஆனாலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில் வேலை பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த மின்னஞ்சல் புதிதாக இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஜெர்மன்காரரின் தாய்மொழி தமிழின் பக்கம்தான் நிற்கிறது. ஜெர்மன் மொழியில் இந்த இடத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'நூர்' என்றால் மட்டும். 'எர்ஸ்ட்' என்றால், காலத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்கு முன்னால் இல்லை என்று பொருள். ஏறக்குறைய நம்முடைய 'தான்'. 'எர்ஸ்ட் கெஸ்டர்ன்' என்று எழுதினால் நேற்றுதான். 'நூர் கெஸ்டர்ன்' என்று எழுதினால் நேற்று மட்டும். தமிழரிடம் இரண்டு சொல், ஜெர்மன்காரரிடம் இரண்டு சொல். நடுவில் நிற்கும் ஆங்கிலத்திடம் இருப்பதோ ஒன்று. குழப்பம் அங்கேதான் புகுகிறது.

ஆங்கிலேயர்கள் இதைச் சமாளிப்பதில்லையா என்றால், சமாளிக்கிறார்கள். 'ஓன்லி எஸ்டர்டே' என்று சொல்லை முன்னால் வைத்து, குரலைச் சற்றே உயர்த்தினால் அது 'நேற்றுதான்' ஆகிவிடும். 'எஸ்டர்டே ஓன்லி' என்று பின்னால் வைத்தால் கடைக் கதவில் ஒட்டிய தள்ளுபடி அறிவிப்பு மாதிரி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்று கேட்கும். நம் இளைஞர் செய்தது, தமிழில் 'தான்' எங்கே ஒட்டுமோ அங்கேயே ஆங்கிலச் சொல்லையும் ஒட்டியது. தமிழில் இப்படிப்பட்ட சொற்கள் தாம் சுட்டும் சொல்லுக்குப் பின்னால்தான் வரும். கை பழகிய இடத்துக்குப் போய்விட்டது.

சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்த்தால் இரண்டு மொழிகளும் எப்படிக் கணக்குப் போடுகின்றன என்பது தெரியும். ஆங்கிலத்தின் 'ஓன்லி' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்லிக்' என்று இருந்தது. 'ஆன்' என்றால் ஒன்று, 'லிக்' என்றால் போன்ற. ஒன்றைப் போன்றது, ஒற்றையானது. அந்த ஒன்றைக் குறிக்கும் சொல் பின்னாளில் தனியாக வரும்போது 'வன்' என்று உருமாறியது. ஆனால் 'ஓன்லி', 'அலோன்' போன்ற சொற்களுக்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் பழைய ஒலி அப்படியே தங்கிவிட்டது. 'வன்' என்று எழுத்துக்கூட்டிப் பழகிய பள்ளிப் பிள்ளை, 'வன்லி' என்று ஏன் படிக்கக் கூடாது என்று கேட்டால் அதற்குப் பதில் இதுதான்.

தமிழ் எண்ணிக்கையிலிருந்து தொடங்கவில்லை, அளவிலிருந்து தொடங்கியது. மட்டு என்றால் அளவு, எல்லை. 'மட்டுமீறிப் பேசாதே' என்கிறபோது அந்த மட்டுதான் வருகிறது. 'மாத்திரம்' வடமொழி வழி வந்தது. அதற்கும் அளவு என்றே பொருள். ஆகவே 'மட்டும்' என்பது ஒரு கோடு கிழிக்கும் சொல்: இதுவரை, இதற்கு மேல் இல்லை. பழைய வழக்கில் 'அதுமட்டும் காத்திரு' என்றால் அதுவரைக்கும் காத்திரு. யாழ்ப்பாணத்தார் பேச்சில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'தான்' வேறு குடும்பம். அவன், அவள், அது என்று சொன்னவரையே திரும்பக் குறிக்கும் 'தான்' அது. கோடு கிழிக்காது, விரல் நீட்டும். எது என்று காட்டும். மற்றது உண்டா இல்லையா என்பது அதற்கு அடுத்த கவலை.

ஆம்பூர் பக்கத்துத் திருப்பத்தூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் ரத்தத்தில் ஊறியது. தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர் உண்டு. சென்னையில் எவராவது ஊர் கேட்டால், "திருப்பத்தூர்" என்று ஒரு முறை சொன்னால் போதாது. "காரைக்குடி பக்கமா?" என்று அடுத்த கேள்வி வரும். "இல்லீங்க, வேலூர்த் திருப்பத்தூர்தான்." 2019 நவம்பர் 28-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன பிறகும் அந்த 'வேலூர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த 'தான்' செய்யும் வேலை விலக்குவது: அது இல்லை, இது. ஆனால் அதே மனிதர் ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் உறவினரிடம் போனில் "நான்தான் பேசறேன்" என்கிறாரே, அங்கே எவரையும் விலக்கவில்லை. தன்னை உறுதிப்படுத்துகிறார், அவ்வளவுதான். ஒரே 'தான்', இரண்டு வேலை.

தமிழ் இலக்கணக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, தனித்தனியாகப் பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் தருகிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இவற்றில் பிரிநிலையும் தேற்றமும் இங்கே வேண்டியவை. ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து மற்றதை ஒதுக்குவது பிரிநிலை. எதையும் ஒதுக்காமல், சொன்னதை ஐயமில்லாமல் நாட்டுவது தேற்றம். "இந்தப் பசங்கள்ல இவனே பொறுப்பானவன்" என்றால் பிரிநிலை. "ஆமாம், மழை வரவே போகுது" என்றால் தேற்றம். நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கியது. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர். அவரை ஆதரித்த சீயகங்கன் கோலார்க் கங்கர் வழிவந்தவன். கோலார் திருப்பத்தூரிலிருந்து ஒன்றும் எட்டாத தூரமில்லை.

அடைமொழியைப் பற்றிப் பேசும்போதும் உரையாசிரியர்கள் இதே பிரிப்பைச் செய்தார்கள். 'செந்தாமரை' என்கிறபோது, வெண்தாமரையும் இருக்கிறது. செம்மை அதை விலக்குகிறது. இதைப் பிறிதின் இயைபு நீக்கியது என்றார்கள். 'செஞ்ஞாயிறு' என்கிறபோது கறுப்பு ஞாயிறு என்று ஒன்று கிடையாது; செம்மை ஞாயிற்றோடு சேர்ந்தே இருக்கிறது என்பதை உறுதிசெய்கிறது. இதை இயைபின்மை நீக்கியது என்றார்கள்.

இந்தச் சொற்கள் வெறும் தமிழ்ச் சொத்து அல்ல. ஏழாம் நூற்றாண்டின் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி, வடமொழியின் 'ஏவ' என்ற இடைச்சொல்லை வைத்து ஒரு தத்துவமே கட்டினார். மரபு அவரைத் தென்னாட்டவர் என்கிறது. 'ஏவ' என்பது நம் ஏகாரத்தின் வடமொழிக் கூட்டாளி மாதிரி. அது வாக்கியத்தில் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து மூன்று வேலை செய்யும் என்றார். அவருடைய உதாரணங்கள் பின்னால் வந்த எல்லோருக்கும் பழக்கமாயின. பார்த்தனே வில்லாளி என்றால் மற்றவர் எவரும் அந்தப் பெயருக்குத் தகுதியில்லை. சைத்திரன் வில்லாளியே என்றால் அவன் வில்லாளி என்பதில் சந்தேகமில்லை. ஊரில் இன்னும் பத்து வில்லாளிகள் இருக்கலாம், அது வேறு பேச்சு. தாமரை நீலமாக இருக்கவே செய்யும் என்றால் எல்லாத் தாமரையும் நீலம் என்று பொருளல்ல. நீலத் தாமரை என்று ஒன்று இல்லவே இல்லை என்கிற வாதம் மட்டும் அங்கே அடிபடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தின் சமண ஆசிரியர் ஹேமசந்திரர் இயற்றிய இரண்டு துதிகளுக்குத் தலைப்பே இந்த விலக்கல்களின் பெயர்கள்தான். ஓர் இடைச்சொல்லின் இலக்கணம் பக்திப் பாட்டுக்குத் தலைப்பாகும் அளவுக்கு அன்றைக்கு அது சூடான விஷயம்.

இப்போது அந்த மின்னஞ்சலுக்குத் திரும்பினால், ஷிப்பிங் இளைஞர் எழுதியது சைத்திரனின் 'ஏ'. ஜெர்மன்காரர் படித்தது பார்த்தனின் 'ஏ'.

இந்த 'ஒன்லி' தமிழர் மட்டும் கண்டுபிடித்ததும் அல்ல. திருப்பத்தூர் மாவட்டத்தின் எந்த டீக்கடையிலும் மூன்று நான்கு மொழி கேட்கும். தெலுங்கு பேசுகிறவர் ஏகாரத்தை ஒட்டுவார், கன்னடக்காரரும் அப்படியே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் தக்கினி உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். தக்கினிக்கு 'இச்' என்று ஒரு விகுதி உண்டு. தில்லி உருதுக்காரர் 'ஹீ' என்று சொல்லுமிடத்தில் இவர்கள் 'அபீச்' என்பார்கள். இப்பவே என்று பொருள். மராட்டியிலிருந்து தக்கினிக்குள் வந்த சரக்கு அது. இப்படி எல்லோர் வாயிலும் சொல்லின் வாலில் ஒட்டும் ஓர் அழுத்தக் குறி இருக்கும்போது, இவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசும் ஆங்கிலத்துக்கு மட்டும் அது இல்லாமல் போகுமா? கிடைத்த சொல்லை எடுத்து வாலில் ஒட்டிக்கொண்டார்கள். 'நான்தான்' என்பது 'மீ ஒன்லி' ஆயிற்று. 'இன்னைக்கே' என்பது 'டுடே இட்செல்ஃப்' ஆயிற்று. தானுக்கு ஒன்று, ஏகாரத்துக்கு ஒன்று என்று பங்கு பிரித்ததைப் பார்த்தால் இதில் ஒரு ஒழுங்கே தெரிகிறது.

ஜெர்மன் மொழியியலாளர் க்ளாடியா லாங்கே இந்தியர் பேசும் ஆங்கிலத்தின் 'ஒன்லி', 'இட்செல்ஃப்' இரண்டையும் எடுத்துக்கொண்டு 2007-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். இவை தப்புத் தவறாக விழுந்த சொற்கள் அல்ல, பேச்சில் எது முக்கியம் என்று சுட்டிக்காட்டும் குறிகள் என்பது அந்த ஆய்வுத் திசையின் சாரம். ஆங்கில வகுப்பில் 'மீ ஒன்லி' என்றதற்காகப் பெஞ்சு மேல் நின்றவர்களுக்கு இது தாமதமாக வந்த ஆறுதல்.

ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் இந்தச் சொல்லை வைத்துப் போட்ட சண்டைக்கும் இருநூறு வயதுக்கு மேல். பின்னாளில் லண்டன் பிஷப்பாக உயர்ந்த ராபர்ட் லௌத் 1760-களிலேயே தம் இலக்கண நூலில் இதன் இடத்தைப் பற்றிக் குறை சொன்னார். மூன்று வார்த்தைதான் பேசினேன் என்று சொல்ல வருகிறவர், சொல்லை வினைக்கு முன்னால் வைத்துவிட்டால், பேச மட்டும் செய்தேன் என்று ஆகிவிடாதா என்பது அவர் கவலை. அவருக்குப் பின் வந்த வாத்தியார்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். 1926-ல் தம் பயன்பாட்டு அகராதியை வெளியிட்ட ஹெச். டபிள்யூ. ஃபௌலர்தான் அவர்களைக் கிண்டல் செய்தவர். ஒருவர் ஒரு வாரத்துக்கு முன்புதான் இறந்தார் என்று எழுதும்போது, அந்தச் சொல்லை 'இறந்தார்' என்பதற்கு முன் வைத்தால் எவரும் 'இறக்க மட்டுமா செய்தார், வேறொன்றும் செய்யவில்லையா' என்று குழம்புவதில்லை. காது சரியாகவே பிரித்துக்கொள்கிறது என்பது அவர் கட்சி. பேச்சைப் பொறுத்தவரை ஃபௌலர் பக்கம்தான் நியாயம்.

தமிழில் இந்தச் சண்டைக்கு இடமில்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பாதி அளவுக்கு. 'ஆம்பூரிலிருந்து மட்டும் ஷூ ஜெர்மனிக்குப் போகிறது', 'ஆம்பூரிலிருந்து ஷூ மட்டும் ஜெர்மனிக்குப் போகிறது', 'ஆம்பூரிலிருந்து ஷூ ஜெர்மனிக்கு மட்டும் போகிறது'. மூன்றும் மூன்று செய்தி, மூன்றும் தெளிவு. (மூன்றும் உண்மையில்லை என்பது வேறு.) ஆனால் 'ஆட்டுத்தோல் செருப்பு மட்டும் வாங்கப்படும்' என்று எழுதினால்? மாட்டுத்தோல் செருப்பு வேண்டாமா, ஆட்டுத்தோலில் செய்த பை வேண்டாமா? ஒட்டு 'செருப்பு' மேல் இருக்கிறது. மனசு 'ஆடு' மேல் இருக்கலாம். குரல் இருந்தால் தெரிந்துவிடும். தாளுக்குக் குரல் கிடையாது.

தாள் என்றதும் காசோலை நினைவுக்கு வரும். இந்தச் சொல்லை எழுதாமல் ஒரு வணிகரின் நாள் போகாது. 'ரூபாய் ஐயாயிரம் மட்டும்'. எதற்கு அந்த 'மட்டும்'? ஆங்கிலத்தில் காரணம் எளிது. 'ஃபைவ் தவுசண்ட்' என்று நிறுத்தினால், பக்கத்தில் இடம் இருந்தால், எவராவது 'ஃபைவ் ஹண்ட்ரட்' என்று சேர்த்துவிடலாம். எழுத்தில் எதுவும் உறுத்தாது. 'ஒன்லி' அந்தக் கதவைச் சாத்தும் தாழ்ப்பாள். தமிழில் பாருங்கள்: ஐயாயிரம் என்று மகரத்தில் முடிந்த சொல்லோடு ஐந்நூற்றைச் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டுமானால் 'ஐயாயிரத்து ஐந்நூறு' என்று வரவேண்டும். நூறு 'நூற்று' ஆகும், ஆயிரம் 'ஆயிரத்து' ஆகும், லட்சம் 'லட்சத்து' ஆகும். எண் இத்தோடு முடிகிறதா தொடர்கிறதா என்பதைச் சொல்லின் உருவமே காட்டிக்கொடுக்கிறது. தமிழ் எண்ணுப் பெயருக்குப் பிறவியிலேயே ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஆகவே தமிழில் எழுதும் காசோலையில் 'மட்டும்' என்பது, பூட்டின கதவுக்கு முன்னால் நாற்காலியையும் இழுத்துப் போடுவது போல. போடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் முன்வாசல் திறந்துதான் கிடக்கிறது: ஐயாயிரத்துக்கு முன்னால் இடம் விட்டால், அதை 'இருபத்தையாயிரம்' ஆக்கக் கைதேர்ந்தவருக்கு அதிக நேரம் ஆகாது. அந்தப் பக்கத்தை எந்த 'மட்டும்' என்ற சொல்லும் காக்காது. வரியை இடது ஓரத்திலிருந்தே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

இந்த வட்டாரத் தோல்காரர்களுக்கு 'பத்தாயிரம் மட்டும்' என்று எழுதவேண்டி வந்த ஒரு சமயம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பாலாறு கெட்டுப்போவதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நிலைநாட்டிய தீர்ப்பு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும் என்றது அது. ஆற்றுக்கு ஆன சேதத்தின் முன் அந்தப் பத்தாயிரத்தை நிறுத்திப் பார்த்தால், 'மட்டும்' என்ற சொல்லுக்கு 'இவ்வளவுதானா' என்ற இன்னொரு பொருளும் உண்டு என்பது புரியும்.

நீதிமன்றம் என்று வந்துவிட்டதால், இந்தச் சொல்லின் கனத்தை நாடே உணர்ந்த வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. அதுவும் நம் மாநிலத்து வழக்கு.

அரசமைப்புச் சட்டத்தின் 15, 16, 29 ஆகிய பிரிவுகளில் பாகுபாட்டைத் தடுக்கும் இடங்களில் எல்லாம் 'ஒன்லி' உட்கார்ந்திருக்கிறது. மதம், இனம், சாதி முதலானவற்றை 'மட்டுமே' காரணமாக வைத்து எவரையும் ஒதுக்கக் கூடாது என்று. அன்றைய சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பிவந்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடம் விரும்பிய செண்பகம் துரைராஜனும், பொறியியல் இடம் கேட்ட சி. ஆர். சீனிவாசனும் வழக்குப் போட்டார்கள். 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. மதிப்பெண் போதாமல் இடம் மறுத்தால் புகார் சொல்ல முடியாது. தகுதி இருந்தும் சாதியை மட்டுமே காரணமாக்கி மறுத்தால் அது 29-ஆம் பிரிவின் மீறல் என்று நீதிபதி எஸ். ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பு பிரித்துக் காட்டியது. பார்த்தனின் 'ஏ'தான்: வேறு காரணம் எதுவும் கலக்காத விலக்கல். தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இடஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் 15(4) பிறந்தது.

அந்த 'மட்டுமே' அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1981-ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு. முதன்முறை கருவுற்றதும் வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது, நல்லது. ஆனால் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது. பாலினத்தை 'மட்டும்' காரணமாக்கினால்தான் தடை. பாலினத்தோடு வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் தடையில்லை என்பது வாதம். இப்படிப் படித்தால் எந்தப் பாகுபாட்டையும் காப்பாற்றிவிடலாம். இன்னொரு காரணத்தை ஒட்டவைத்தால் போதும், 'மட்டும்' கழன்றுவிடும். பெண் என்பதால் அல்ல, மணமான பெண் என்பதால்! 2018-ல், தன்பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பற்றிய வழக்கில் நீதிபதி டி. ஒய். சந்திரசூட் இந்தப் பழைய வாசிப்பைக் கடுமையாகவே விமர்சித்தார். தையல் பிரிவில் வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஷூவின் அப்பரைத் தைக்கும் ஊர்களுக்கு இது தொலைதூரத்துச் சட்ட நுணுக்கம் அல்ல. கம்பெனி வாசலில் 'பெண்கள் மட்டும் தேவை' என்று தொங்கும் தட்டியிலும் அதே சொல்தான் இருக்கிறது.

தோல் தொழிலே ஒரு 'மட்டும்' வழியாக உருமாறியது என்று சொன்னால் மிகையாகாது. ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறியது பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல். 1972-ல் சீதாராமையா குழு பரிந்துரை செய்த பிறகு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டத் தொடங்கியது. முழுதாக முடித்த தோலும் தோல் பொருளும் போகட்டும் என்பது நோக்கம். ஆம்பூர் ஷூ தைக்கும் ஊரானதற்குப் பின்னால் அந்த வரம்பும் ஒரு காரணம்.

அந்த ஷூ ஐரோப்பா போய் இறங்கும்போது, அங்கே அதன்மேல் ஒட்டும் குறியோ 'மட்டும்' என்ற சொல்லையே தவிர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994-ஆம் ஆண்டுக் காலணி விதிப்படி, மேல்பகுதியின் பரப்பில் 80 சதவீதமாவது எந்தப் பொருளோ அதைப் படமாகவோ எழுத்தாகவோ குறிக்க வேண்டும். தோலுக்கான படம் விரித்த தோலின் உருவம். 80 எதற்கும் எட்டவில்லை என்றால், அதிகமாக உள்ள இரண்டு பொருளையும் காட்ட வேண்டும். தோல் மட்டும் என்று சத்தியம் செய்யச் சொல்லாமல், எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம். 'ஒன்லி' என்று அச்சடித்திருந்தால் கட்டும் நூல், ஒட்டும் பசை, கண்ணியின் பித்தளை வளையம் ஒவ்வொன்றும் வழக்காகியிருக்கும்.

கணக்கு வகுப்பில் படித்த 'இருந்தால், இருந்தால் மட்டுமே' ஞாபகம் இருக்கலாம். பாதிப் பேருக்கு அது மந்திரம் போல வாயில் நிற்கும், பொருள் நிற்காது. 'இருந்தால்' என்பது போதும் என்கிறது. 'இருந்தால் மட்டுமே' என்பது இல்லாமல் முடியாது என்கிறது. இரண்டும் வெவ்வேறு வாக்குறுதி. 'அடையாள அட்டை இருந்தால் மட்டுமே அனுமதி' என்ற பலகையைப் பார்த்து அட்டையோடு போகிறவர், தன்னைக் கட்டாயம் உள்ளே விடுவார்கள் என்றே நினைக்கிறார். தர்க்கப்படி பலகை அப்படி எதையும் சொல்லவில்லை. அட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்புவேன் என்பது மட்டுமே அதன் பேச்சு. ஆனால் காவலாளி தர்க்கம் படித்தவரில்லை. அட்டையைப் பார்த்ததும் விட்டுவிடுகிறார். எல்லோரும் சௌக்கியம்.

இவ்வளவு வித்தியாசங்களுக்கு நடுவில், தமிழும் ஆங்கிலமும் ஒன்றையொன்று பார்த்துக் கற்காமல் ஒரே இடத்தில் வந்து நிற்கும் ஒரு பயன்பாடு உண்டு. ஆங்கிலத்தில் நடக்காமல் போனதை நினைத்து ஏங்கும்போது 'இஃப் ஓன்லி' என்பார்கள். தமிழில் அதே ஏக்கத்துக்கு அதே சொல்: "அவன் மட்டும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" இங்கே 'மட்டும்' எவரையும் விலக்கவில்லை. அவனைத் தவிர வேறு யாரும் சொல்லக் கூடாது என்பதல்ல பேச்சு. இந்த 'மட்டும்' நின்ற இடத்தில் 'தான்' நிற்காது. "அவன்தான் அன்னைக்குச் சொல்லியிருந்தா" என்றால் ஏக்கம் போய், வேறு பொருள் ஏறிவிடும். கோடு கிழிக்கும் சொல் இங்கே நடந்ததற்கும் நடக்காததற்கும் நடுவில் கோடு கிழிக்கிறது. கோட்டின் அந்தப் பக்கம் போக இந்த ஒன்று குறைந்தது, மற்றதெல்லாம் சரியாக இருந்தது என்கிறது.

காலையில் ஜோலார்பேட்டை நடைமேடையில் மூச்சிரைக்க வந்து நிற்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டி கண்ணுக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருக்கும். "அந்த கேட்டு மட்டும் மூடாம இருந்திருந்தா, ஏலகிரியைப் புடிச்சிருப்பேங்க." அலாரம் அடித்தும் எழாதது, பைக்கில் பெட்ரோல் போட நின்றது, டீ குடித்தது எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்டு மட்டும்தான்.